நான்கு பார்க்கிங் கட்டங்கள், ஒரு புதன்கிழமை: பினாங்கு தீவு மாநகர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு தீவு மாநகர் மன்ற மேயர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், கூடவே லிட்டில் இந்தியா கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபு குவீன் தெருவில் இரண்டு, லெபு பாசார் தெருவில் இரண்டு என நான்கு பார்க்கிங் கட்டங்கள் எங்களுக்கு வேண்டும். ஜனவரி மாதத்தில் ஒரே ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி முதல் இரவு எட்டு மணி வரை. அந்த நேரத்தில் அங்கே கார்கள் நிற்காது. பெஞ்சுகள் இருக்கும், செடித்தொட்டிகள் இருக்கும், கையில் தொழில் உள்ள சிலர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். எட்டு மணிக்குப் பெருக்கிக் கழுவித் திருப்பித் தந்துவிடுவோம். அதற்குரிய பார்க்கிங் கட்டணத்தையும் கட்டிவிடுவோம்.

கட்டுவோம் என்று சொன்னேனே தவிர, எப்படிக் கட்டுவது என்பதில்தான் சிக்கல். 2019இல் பினாங்கில் கைப்பேசிச் செயலி வழியாகப் பார்க்கிங் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. அந்தச் செயலி முதலில் கேட்பது வாகனப் பதிவு எண்ணை. செம்பருத்திச் செடிக்குப் பதிவு எண் கிடையாது. ஆகவே மன்றத்தின் அனுமதி இல்லாமல் இது நடக்காது. இந்த மடலுக்கு அதுவே காரணம்.

நான் லெபு குவீனில் ஒரு கடைவீட்டின் மாடியில் தையற்கடை நடத்துகிறேன். என்னுடன் இதைப் பேசிக்கொண்டிருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்கள். எங்களுக்குச் சங்கம் இல்லை, பதாகை இல்லை, தலைவர் பதவிக்குப் போட்டியும் இல்லை.

இந்த யோசனை எங்கள் மூளையில் உதித்ததல்ல. 2005ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ரீபார் என்ற கலைஞர் குழு, சாலையோரப் பார்க்கிங் மீட்டரில் காசு போட்டு, அந்தக் கட்டத்தில் காருக்குப் பதில் புல்தரையை விரித்தது. ஒரு மரத்தையும் ஒரு பெஞ்சையும் வைத்தது. மீட்டர் அனுமதித்தது இரண்டு மணி நேரம். நேரம் முடிந்ததும் புல்லைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காசு போட்டவர் அந்த இடத்தில் காரைத்தான் நிறுத்தியாக வேண்டுமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. செய்முறையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வணிகம் மட்டும் கூடாது என்று பொதுவில் வைத்தார்கள். செப்டம்பர் மாத மூன்றாம் வெள்ளி இதற்கான நாளாயிற்று. 2011இல் 35 நாடுகளில், 162 நகரங்களில், 975 இடங்களில் இப்படிச் சிறு பூங்காக்கள் ஒரு நாள் முளைத்தன.

பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே நகர மறுசீரமைப்பு ஆணையமே இந்த நாளை எடுத்து நடத்தியிருக்கிறது. காருக்கு உரிமம் வாங்கவே ஒரு செல்வம் வேண்டிய ஊர் அது. அவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தை நாம் கொடுக்க முடியாதா என்று கேட்கத் தோன்றுகிறது. சிங்கப்பூரை இழுத்தால் பினாங்குக்காரர்களுக்கு ரோஷம் வரும் என்று தெரிந்தேதான் இழுக்கிறேன்.

ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை தருவது சான் பிரான்சிஸ்கோவும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. தெருவைச் சிறிது நேரம் வாங்கி, வேறொன்றாக்கி, பிறகு தெருவாகவே திருப்பித் தருவது நம் ஊருக்குக் கைவந்த வேலை. தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபு பினாங் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. 1894இல் வந்த ரதம் அது. 2017 முதல் லெபு குவீன் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. ரதம் வரும்போது எந்தக் கட்டத்தில் எந்தக் கார் நிற்கும்? ஒன்றும் நிற்காது. தெருவெங்கும் தேங்காய் உடையும். ஜாலான் உத்தாமாவிலும் ஜாலான் கெபுன் பூங்காவிலும் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசைகட்டி நிற்கும். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள், பந்தல் நின்றதற்கு அடையாளமாக ஒரு கயிற்றுத் துண்டு கிடந்தால் அதிகம்.

சீனர்களின் ஏழாம் மாதத்திலும் அப்படித்தான். பசித்த ஆவிகளுக்காகச் சாலையோரத்தில் மேடை போட்டு நாடகம் நடத்துகிறார்கள். முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுகிறார்கள். நோன்பு மாதம் வந்தால் ரமலான் சந்தை. தீபாவளிக்கு முன் நம் லிட்டில் இந்தியாவே பாதி பந்தல்தான். சாமிக்கும் ஆவிக்கும் பண்டிகைக்கும் இடம் கொடுக்கும் இந்தத் தெருவில், சாதாரணமான ஒரு புதன்கிழமையில், உயிரோடிருக்கும் ஒருவர் உட்காருவதற்கு நாற்காலி இல்லை. என் மனக்குறை இவ்வளவே.

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். என்னிடம் துணி கொடுக்க வருபவர்களில் பலர் வயதானவர்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வருகிறார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து பிள்ளைகளின் காரில் வருகிறார்கள். நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை, கோவில் என்று நான்கு இடம் போகவேண்டியிருக்கும். மூன்றாவது இடத்திலேயே முழங்கால் கெஞ்சத் தொடங்கிவிடும். ஐந்தடியில், அதாவது கடைவீடுகளின் முன்னுள்ள நடைபாதையில், ஒதுங்கலாம் என்றால் அங்கே பித்தளை விளக்கும் பிளாஸ்டிக் கூடையும் மோட்டார் சைக்கிளும் ஏற்கெனவே ஒதுங்கியிருக்கின்றன. சில அம்மாக்கள் மளிகைக் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்கிறார்கள். கடைக்காரரும் நல்லவராதலால் ஒன்றும் சொல்வதில்லை. காற்று வாங்கிக்கொண்டு உட்காரப் பாடாங் கோத்தாவில் கடலோரப் பெஞ்சுகள் உண்டு. கையில் இரண்டு பை, காலில் வீக்கம், தலைக்கு மேல் வெயில் என்று அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்?

பூங்கா அமைக்க வேறு நிலம் இல்லை என்பது எனக்கும் தெரியும். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. 109 எக்டர் மையப் பகுதிக்குள் எங்கள் தெருக்கள் இருக்கின்றன. ஒரு கடைவீட்டை இடித்துப் பூங்கா போட முடியாது, போடவும் கூடாது. அப்படியானால் வெற்றிடம் என்று மிஞ்சுவது சாலை மட்டுமே. சாலையின் இரு ஓரத்தையும் கார்களுக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு கட்டம் என்பது சுமாராக இரண்டரை மீட்டர் அகலம், ஐந்தரை மீட்டர் நீளம். நான் தையல் பழகிய அறை அதைவிடச் சிறியது. அதில் மூன்று மிஷின்கள் ஓடின.

கலை என்ற பேச்சு வரும்போது மன்றம் சுவர்களைக் காட்டக்கூடும். சுவரோவியங்களால் இந்த ஊருக்கு வந்த பெயரை நான் மறுக்கவில்லை. 2012 ஜோர்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்தவற்றில், லெபு ஆர்மேனியன் சுவரில் நிஜச் சைக்கிளோடு இருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்க்க இன்றும் வரிசை நிற்கிறது. அதற்கு முன்பே, மாநில அரசு நடத்திய போட்டியில் தேர்வாகி, கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் தெரு முனைகளில் வரத் தொடங்கிவிட்டன. எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சுவரில் உள்ள பிள்ளைகளைப் படம் எடுக்கச் சாலை நடுவில் நின்று, கார் ஹாரன் அடித்தால் ஓரம் ஓடி, மறுபடி நடுவுக்கு வந்து நிற்கிறார்கள். படம் எடுத்த கையோடு அடுத்த சுவருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்திலேயே இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் கைகள் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

எங்கள் பகுதியில் பெயர்ப்பலகை எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஃபிளெக்ஸ் பலகை வந்தபின் அவருக்கு வேலை மெலிந்துவிட்டது. ஒருமுறை அவர் ‘சேலைகள்’ என்று எழுதுவதை நின்று பார்த்தேன். சுண்ணப்பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் சுண்டி விட்டார். பலகையில் வெள்ளைக் கோடு விழுந்தது. தட்டைத் தூரிகையை எனாமல் பெயிண்டில் தோய்த்து, டப்பாவின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்தார். முதலில் ‘ச’வை எழுதினார், அடுத்து ‘ல’, ‘க’, ‘ள்’. கொம்புகளுக்கு இடம் விட்டுக்கொண்டே போனார். எல்லா எழுத்தும் நின்றபின் திரும்பி வந்து இரட்டைச் சுழியை ஒரே மூச்சில் சுழித்தார். மூச்சை அடக்கியது அவர் மட்டுமல்ல, நானும்தான். மேலே மலாய் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி அவருக்கு அத்துப்படி. அதை அளந்து எழுதிவிட்டுத்தான் தமிழுக்கே இறங்குவார். இவரை ஒரு கட்டத்தில், ஒரு ஸ்டூலில், ஐந்து மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை. போகிற வருகிற பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டும். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சித்திரப் பாட ஆசிரியர்கள் யாராவது பிள்ளைகளை அழைத்து வந்தால் அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொரு கட்டத்தில் பூக்கட்டும் பெண்கள். அவர்களுக்குத் தொழில் புதிதில்லை, உட்கார வசதியான இடம்தான் புதிது. மூன்றாவதில் கோலம். பேரங்காடிகளில் தீபாவளிக்குப் போடுவதுபோல் சாயம் தோய்த்த அரிசியில் போடலாம் என்று ஒரு தோழி சொன்னார். புறாக்களுக்குத் தீனி போடாதீர்கள் என்று நகரத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும்போது நாமே விருந்து வைக்கக் கூடாது. கல்மாவில் போடுவோம், புள்ளி வைத்துச் சிக்குக் கோலம். யார் வேண்டுமானாலும் குனிந்து ஓர் இழை இழுக்கலாம். தப்பாக இழுத்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டி கண்டிப்பாகச் சொல்வார்.

நான்காவது கட்டத்தில் ஒன்றுமே வேண்டாம். நான்கு பெஞ்சு, சுற்றிலும் தொட்டியில் வாழை, துளசி, செம்பருத்தி, குடிக்கத் தண்ணீர். கலை எங்கே என்று யாராவது கேட்டால், உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். நான்கிலும் முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. மற்ற மூன்றையும் மன்றம் வெட்டினாலும் இதை வெட்டக் கூடாது.

இப்போது கடைக்கார நண்பர்களுக்கு. உங்கள் முணுமுணுப்பு எனக்குக் கேட்கிறது. கார் நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கையாளர் ஜூருவுக்கோ பேரங்காடிக்கோ போய்விடுவார் என்பீர்கள். பயம் நியாயமானதே, என் வாடிக்கையாளர்களும் காரில் வருபவர்கள்தான். ஆனால் காலையில் பாதிக் கடை திறக்குமுன்பே கட்டங்கள் நிரம்பிவிடுகின்றன. அப்படி நிரப்பிய கார்கள் மாலை வரை அசைவதில்லை. எந்தக் கார் எந்தக் கடை முதலாளியுடையது என்று என் ஜன்னலிலிருந்து பார்த்தே என்னால் சொல்ல முடியும். சொல்லமாட்டேன், பாதிப் பேரின் மனைவிமார் என்னிடம் ரவிக்கை தைப்பவர்கள். அந்த ஒரு நாள் நான்கு முதலாளிகள் நகர மையத்தில் ஓடும் இலவச கேட் (CAT) பஸ்ஸில் வந்தாலே எங்களுக்கு வேண்டிய நான்கு கட்டங்களும் கிடைத்துவிடும். வாடிக்கையாளருக்கு ஓர் இடம்கூடக் குறையாது.

சரக்கு லாரி நிற்கும் இடங்களையும், மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டங்களையும், தீயணைப்புக் குழாய் அருகில் உள்ளவற்றையும் நாங்கள் கேட்கவில்லை. கோவில் வாசலுக்கு நேர் எதிரே உள்ளவையும் வேண்டாம், முகூர்த்த நாளில் மாப்பிள்ளை கார் அங்கேதான் வந்து நிற்கும்.

ஏன் புதன்கிழமை? உலகம் வெள்ளிக்கிழமை செய்கிறது என்பது நமக்கு ஆகாது. வெள்ளி மதியம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குத் தொழுகைக்கு வருபவர்களின் வண்டிகளால் இந்தப் பக்கம் நிரம்பி வழியும். செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோவிலில் கூட்டம். சனி, ஞாயிறு வியாபாரத்தில் கை வைத்தால் கடைக்காரர்கள் என்னை இந்தத் தெருவில் இருக்கவிடமாட்டார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது வேறு காரியத்துக்கு. எங்களுக்கும் அது ஒத்துவருகிறது.

செப்டம்பரும் வேண்டாம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை கொட்டும். கல்மாக் கோலம் அரை மணி நேரத்தில் கால்வாயோடு போய்விடும். ஜனவரி வறண்ட மாதம். பொங்கல் நெரிசலிலும் தைப்பூச நெரிசலிலும் சிக்காத ஒரு புதனை மன்றமே பார்த்துக் குறிக்கட்டும். மூன்று மணி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. மூன்றுக்குச் சாமான் இறக்கிச் சரிசெய்தால், நான்கு மணிக்கு மேல் லெபு குவீனின் மேற்கு வரிசைக் கடைவீடுகளின் நிழல் அந்த ஓரத்துக் கட்டங்கள்மேல் விழும். பந்தல் போடவேண்டிய அவசியம் இருக்காது. பந்தல் இல்லையென்றால் கம்பம் இல்லை, சாலையில் குழி இல்லை, காற்றில் பறக்கும் கித்தானும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி மன்றப் பொறியாளர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். சாலைப் பக்கம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகள், அவற்றுக்குள் கனமான தொட்டிகள். உள்ளே வருவதும் போவதும் ஐந்தடிப் பக்கமாக மட்டும். கால்வாயை மூடமாட்டோம். கடைவீட்டுத் தூணில் ஆணி அடிக்கமாட்டோம். தார்ச்சாலையில் பெயிண்ட் படாமல் இருக்கப் பெயர்ப்பலகைப் பெரியவருக்குக் கீழே துணி விரிப்போம், அது என் பொறுப்பு.

விற்பனை கிடையாது. பெரியவரிடம் பலகை எழுத வேண்டுமென்று ஒருவர் முகவரி கேட்டால் தடுக்கப்போவதில்லை, பணம் மட்டும் அங்கே கைமாறாது. ஒலிபெருக்கி கிடையாது. பாட்டு விற்கும் கடைகள் இந்தத் தெருவுக்குத் தேவையான சத்தத்தை ஏற்கெனவே வழங்கிக்கொண்டிருக்கின்றன. திறப்பு விழாவும் வேண்டாம். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இரண்டரை மீட்டர் அகலத்தில் மேடை போட்டு, பிரமுகர்களுக்கு மாலையும் பொன்னாடையும் போர்த்தி, ஆளுக்குப் பத்து நிமிடம் பேசி முடிப்பதற்குள் எட்டு மணி ஆகிவிடும். மேயர் அவர்கள் வந்தால் மனதார மகிழ்வோம். நான்காவது கட்டத்தில் ஓர் இடம் இருக்கும்.

இதை நிரந்தரமாக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு சிலர் கேட்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவிலும் அப்படித்தான் நடந்தது. 2010 முதல் அங்கே பார்க்கிங் இடங்களில் நின்று நிலைக்கும் சிறு பூங்காக்கள் வரத் தொடங்கின. இங்கே எனக்கு அதில் ஆசை இல்லை. நம் தெருவில் ஒரு பெஞ்சை நிரந்தரமாகப் போட்டால், ஒரு மாதத்தில் அதன்மேல் ஒரு கடையின் சரக்கு ஏறும், மூன்றாம் மாதம் அது உணவகத்தின் மேசையாகிவிடும். ஐந்து மணி நேரத்துக்கு வந்தது ஐந்து மணி நேரத்தில் போய்விடட்டும். பிடித்திருந்தால் மறுபடி கேட்போம்.

மன்றத்தின் பக்கத்தில் வேண்டியது பெரிய செலவு இல்லை. ஒரே பக்கத்தில் ஒரு விண்ணப்பப் பாரம்: எந்தக் கட்டம், எந்த நேரம், யார் பொறுப்பு, எவ்வளவு முன்பணம். போலீசுக்கும் தீயணைப்புக்கும் உரிமப் பிரிவுக்கும் தனித்தனியாக நாங்கள் அலையாமல், மன்றத்தின் ஒரே முகப்பில் அதைக் கொடுத்து வாங்க ஏற்பாடு. இரவல் கொடுக்கப் பத்துப் பிளாஸ்டிக் தடுப்புகள். முதல் நாளே அந்த நான்கு கட்டங்களில் ‘நாளை நிறுத்த வேண்டாம்’ என்று மலாய், சீனம், தமிழ், ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. தமிழில் எழுதும் வேலையைப் பெரியவரிடம் கொடுத்தால் எழுத்துப் பிழை இருக்காது என்பதற்கு நான் உத்தரவாதம். லிட்டில் இந்தியாவில் சரியாக நடந்தால் அதே பாரத்தை லெபு ஆர்மேனியன்காரர்களும் லெபு சூலியாக்காரர்களும் வாங்கிக்கொள்ளட்டும். அவர்கள் என்ன வைப்பார்கள் என்பது அவர்கள் பாடு.

மறுக்கிறீர்கள் என்றால் காரணத்தை எழுதி மறுத்துவிடுங்கள். பரிசீலிக்கிறோம் என்ற பதில் மட்டும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: எதுவானாலும் ஆகஸ்டு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். செப்டம்பர் பிறந்தால் தீபாவளி ரவிக்கைகள் வந்து குவிந்துவிடும். அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கு அழைத்தாலும் என்னால் மிஷினை விட்டு எழுந்து வர முடியாது.

இப்படிக்கு,
லெபு குவீன் தையற்காரி ஒருத்தி
ஜோர்ஜ்டவுன், பினாங்கு